கேள்வி-பதில்: பாம்பு, குதிரை, நாம்

கேள்வி (உத்திரமேரூர்): போன வருஷம் கழனியில் கண்ணாடி விரியன் கடித்து, பத்து பாட்டில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். இனி பாம்பு கடித்தாலும் தாங்குவேன்தானே?

பதில்: அந்த தைரியம் வேண்டாம். உங்கள் ஊர்க் கல்வெட்டுப்படி குடவோலையில் தேர்வான வாரியத்தாருக்கே பதவி 360 நாள்தான். விஷமுறிவு மருந்து என்பது குதிரை உடம்பு செய்து கொடுத்த ஆன்டிபாடி; அதற்கு அந்த 360 நாள்கூடக் கிடையாது. சில நாளுக்கொரு முறை பாதியாகி, சில வாரத்தில் காலி. அதைத் தயாரிக்க உங்கள் உடம்பு கற்றுக்கொள்ளவும் இல்லை.

கேள்வி (மானாம்பதி): காலியாகி எங்கே போகிறது? சிறுநீரிலா?

பதில்: சிறுநீரக வடிகட்டியில் நுழைய முடியாத பருமன் அது. செல்கள் விழுங்கி அமினோ அமிலமாக உடைத்துவிடும். உடம்பு அதில் வேறு புரதம் செய்துகொள்ளும். நம் சொந்த ஐஜிஜி ஆன்டிபாடிக்கு மட்டும் ஒரு சலுகை: செல் அதன் வாலைப் பிடித்துத் திரும்ப ரத்தத்தில் விட்டுவிடும். ஆகவே அது பாதியாகவே சுமார் 3 வாரம். விஷமுறிவு மருந்திலோ, ஒவ்வாமை குறையட்டும் என்று அந்த வாலைத் தயாரிக்கும்போதே பெப்சினால் நறுக்கிவிடுகிறார்கள். வால் போனால் சலுகையும் போச்சு. மருந்து தீர்ந்த பிறகு கடிவாயில் தேங்கிய விஷம் மெதுவாகக் கசிந்தால் ரத்தம் மறுபடி உறையாமல் போகலாம். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, திரும்பத் திரும்பச் சோதிப்பது அதற்குத்தான். "எத்தனை தடவைதான் குத்துவீங்க?" என்று நர்ஸம்மாவிடம் சண்டை போடாதீர்கள்.

கேள்வி (சாலவாக்கம்): சின்னப் பையனுக்கு மருந்தைக் குறைத்துத் தருவார்களா?

பதில்: பாம்பு எடை பார்த்தா விஷம் இறக்குகிறது? பெரியவர்களுக்கு உள்ள அளவேதான்.

கேள்வி (திருப்புலிவனம்): நாய்க்கடிக்குப் புண்ணைச் சுற்றி ஓர் ஊசி, கையில் ஓர் ஊசி. ஏன் இரண்டு?

பதில்: புண்ணில் போடுவது தயார் நிலை ஆன்டிபாடி, உடனே வேலைக்கு. கையில் போடுவது தடுப்பூசி; உங்கள் உடம்பே ஆன்டிபாடி செய்ய ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் புண்ணில் போடும் ஊசி கிடையாது.

கேள்வி (பெருநகர்): பாம்புக்கடிக்கு வைத்தியம் முடிந்து பத்து நாள் கழித்து அரிப்பு, மூட்டுவலி, காய்ச்சல். விஷம் மிச்சமா?

பதில்: மிச்சம் குதிரைப் புரதம். அதை அந்நியன் என்று தாமதமாகக் கண்டுகொண்டு உடம்பு சண்டைக்குப் போகிறது. டாக்டரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் மாத்திரையில் அடங்கும்.

கேள்வி (உத்திரமேரூர்): மருந்து செய்ய விஷம் எங்கிருந்து வருகிறது?

பதில்: பக்கத்திலிருந்துதான். வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ. அந்த விஷத்தை வாங்கி ஆன்டிபாடி செய்து தரும் குதிரைக்குக் கொள்ளுதான்.