மதிலுக்கு அந்தப் பக்கம்

என் சின்ன வயதில் எங்கள் ஊரில் தீ பிடித்தால் 101-க்குத் தகவல் சொல்ல வழி கிடையாது. ஊரில் தொலைபேசியே இல்லை. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் நடுவில் இருந்த ஊர். முக்கால்வாசி வீடுகளுக்கு மண்சுவர், மேலே பனையோலை. பங்குனி, சித்திரையில் காற்று கிளம்பிவிட்டால் ஒரு பொறி போதும், ஒரு தெரு போய்விடும்.

ஆகவே தீயைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாட்டி, அடுப்புச் சாம்பலைக் குப்பைமேட்டில் கொட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்துக் குச்சியால் கிளறிப் பார்ப்பார். "சாம்பல் ஆறிப்போச்சுன்னு நெனைக்காதடா, உள்ள கங்கு இருக்கும்" என்பார். சிம்னி விளக்கை அணைக்காமல் யாரும் படுக்கக் கூடாது. வைக்கோல் போரை வீட்டை ஒட்டிப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரரே வந்து சண்டை போடுவார். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை.

ஒரு சித்திரை மதியம் மேலத் தெருவில் தீ பிடித்தது. முதலில் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். பிறகு தொட்டிலில் கிடந்த பிள்ளைகள், கிழவிகள், அப்புறம்தான் நெல் மூட்டை. பெண்கள் கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று குடம் மாற்றினார்கள். இளவட்டங்கள் எரிகிற வீட்டுப் பக்கமே போகவில்லை. காற்று போகும் திசையில், இன்னும் தீ தொடாத மூன்றாவது வீட்டின் மேல் ஏறி ஓலையைப் பிய்த்து வீசினார்கள். நல்ல கூரை, தை மாதம்தான் வேய்ந்தது. அந்த வீட்டு அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. தீ அந்த இடைவெளிக்கு வந்து, தாண்ட முடியாமல் நின்றது. மறுநாள் ஊர் கூடி முதலில் வேய்ந்துகொடுத்தது அவர் வீட்டைத்தான். எரிந்த வீடுகளுக்கு அதற்குப் பிறகுதான் ஓலை வந்தது.

எப்படியோ தகவல் எட்டித் தீயணைப்பு வண்டி வந்து சேரும்போது புகைதான் மிச்சம். இறங்கிய காக்கிச் சட்டைக்காரர்களில் மூத்தவர், கங்குகள் மீது தண்ணீர் அடிக்கச் சொல்லிவிட்டுத் தெருவை ஒரு சுற்று பார்த்தார். "இந்தக் கூரையைப் பிரிச்சது யாருப்பா?" என்று கேட்டார். திட்டப்போகிறார் என்று பையன்கள் பின்வாங்கினார்கள். "நாங்க வந்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்போம்" என்றார் அவர். தீக்கு வெப்பம், எரிபொருள், காற்று மூன்றும் வேண்டும், ஒன்றைப் பிடுங்கினால் அது செத்துவிடும், நீங்கள் எரிபொருளைப் பிடுங்கிவிட்டீர்கள் என்று விளக்கினார். தீயணைப்புத் துறை ஊராருக்கு எடுத்த வகுப்பில் நான் முதன்முதலாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

தொழிற்பேட்டைகள் அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் 1971-இல் தொடங்கியது. அதன் வளாகம் கும்மிடிப்பூண்டியில் எழுந்த பிறகு கடலைக் கொல்லைகள் ஒவ்வொன்றாக மதில் ஆயின. இரும்பு உருக்கும் ஆலைகள் வந்தன, ரசாயன ஆலைகள் வந்தன, பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கும் இடங்களும் வந்தன. எங்கள் வீடுகளின் ஓலை போய்த் தளம் வந்தது. அந்த ஆலைகளின் சம்பளத்தில்தான் அந்தத் தளங்கள் ஏறின, அதை நான் மறுக்க மாட்டேன். தீயணைப்பு நிலையமும் சிப்காட்டிலேயே வந்துவிட்டது. அழைத்தால் வண்டி வந்துவிடுகிறது. ஆனால் தெருவில் நிற்கும் எங்களுக்கு எதைப் பிரிப்பது, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதே தெரியாதபோது வேறென்ன தெரியும்?

தீயணைப்புத் துறை சும்மா இருக்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையல் கொட்டகையில் பிடித்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. பள்ளிகளிலிருந்து கீற்றை அகற்றியதும், தீயணைப்பு வீரர்கள் பள்ளி பள்ளியாகப் போய் ஒத்திகை நடத்துவது வழக்கமானதும் அந்தக் குழந்தைகளுக்குப் பிறகுதான். தீபாவளிக்கு முன் துண்டறிக்கையோடு வருகிறார்கள். மழைக்காலத்துக்கு முன் ஏரிக்கரையில் காலி பிளாஸ்டிக் டிரம்மையும் வாழைத்தண்டையும் கட்டி மிதக்கக் காட்டுகிறார்கள். வார இறுதியில் நிலையத்துக்கே பொதுமக்களை அழைத்து 'வாங்க கற்றுக்கொள்வோம்' என்று பயிற்சி தருகிறார்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஈரச் சாக்குச் செயல்விளக்கம். பள்ளி மைதானத்தில் சமையல் சிலிண்டரை வைத்து வாயில் பற்றவைப்பார்கள். தீ ஆள் உயரத்துக்குச் சீறும், கூட்டம் சிதறும். வீரர் நனைத்த கோணிச் சாக்கைத் தன் முகத்துக்கு முன் திரைபோல விரித்துப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு எதிர்ப்படாமல் நெருங்கி, சிலிண்டரின் தலையில் போர்த்துவார். காற்று அற்றுத் தீ அடங்கும். உடனே வால்வை மூடுவார். "பயப்படாதீங்கம்மா, இப்ப நீங்க வாங்க" என்பார். ஒருமுறை சத்துணவுக் கூடத்து ஆயாம்மா முன்வந்தார். முதல் முறை பாதி வழியில் திரும்பிவிட்டார். இரண்டாவது முறை அணைத்தார். சாக்கை விடாமல் அப்படியே நின்றவரின் முகத்தில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. ஆயிரம் சுவரொட்டி ஒட்டினாலும் அந்தத் தைரியம் வராது.

எரிவாயுக் கசிவைப் பற்றியும் அவர்கள் சொல்வது ஒவ்வொன்றும் உயிர்காக்கும் செய்தி. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அந்த நாற்றம் நமக்குத் தெரியட்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்டது. நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். எங்கள் பகுதியில் தகர ஷெட்டுகளில் ஒற்றை அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் ஓர் அறைக்கு ஐந்தாறு பேர், அங்கேயே சின்ன சிலிண்டரில் சமைத்து அங்கேயே படுக்கிறார்கள். இந்த வகுப்பு அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். நடப்பதோ பகலில், தமிழில், பள்ளி மைதானத்தில். அந்த நேரத்தில் அவர்கள் ஷிப்டில் இருக்கிறார்கள், அல்லது இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார்கள்.

சமீபத்திய விபத்துகளைப் பாருங்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும் என்பது எளிய பாடம். எத்தனை வீடுகளுக்கு அது முன்பே போய்ச் சேர்ந்திருந்தது? 2024 மே 30 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் ஆலை எரிந்தது. உள்ளே இருந்தவர்களோடு, சாலையில் போய்க்கொண்டிருந்த ஒருவரும் இறந்துபோனார். அந்த ஆலைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 2025 ஜூலை 13 அதிகாலை, மணலியிலிருந்து டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் திருவள்ளூர் அருகே தடம் புரண்டு 18 டேங்கர்கள் எரிந்தன. அங்கே உயிர் போகவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள், சமையல் சிலிண்டர்களையும் அப்புறப்படுத்தினார்கள். வீரர்கள் நுரையும் தண்ணீரும் அடித்துப் பல மணி நேரம் போராடினார்கள். அங்கே அவர்களுக்கு எரிவது டீசல் என்று தெரியும். தெரிந்ததால் நுரையைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. எரிகிற எண்ணெயில் தண்ணீரை மட்டும் பீய்ச்சினால் எண்ணெய் மிதந்து தீயைப் பரப்பும். பூட்டிய கொடவுனில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளே இல்லாத இரவுகளில் வீரர்கள் எதை நம்பி உள்ளே நுழைவார்கள்?

ஏப்ரல் 14, நாம் சித்திரைத் திருநாள் கொண்டாடும் அதே நாளில், நாடு முழுவதும் தீயணைப்பு நிலையங்களில் மலர் வளையம் வைக்கிறார்கள். 1944-இல் அந்த நாளில் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதிகளோடு ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் அதில் இருந்தது. வெடிபொருள் இருப்பதை அறிவிக்கும் சிவப்புக் கொடியைக் கப்பல் ஏற்றியிருக்கவில்லை. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். தீத்தொண்டு வாரம் தொடங்குவது அந்த நாளில்தான். அதனால் அந்த வாரத்தில் வீட்டுப் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்தால் மட்டும் போதாது. சரக்கை ஒளிக்காதே என்று ஆலைகளுக்கும் அந்த வாரம் சொல்ல வேண்டும்.

சட்டம் இதைச் சொல்லிப் பல காலம் ஆகிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-பி பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான ஆலை, தன்னிடம் உள்ள ஆபத்துகளையும் தப்பும் வழிகளையும் தொழிலாளிக்கு மட்டுமின்றிச் சுற்றி வாழும் பொதுமக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. அபாயகர ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவாகப் பேசின: ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை, ஆலைக்கு வெளியே ஆண்டுக்கு ஒருமுறை. அப்படி ஒரு வெளி ஒத்திகைக்கு எங்கள் தெருவை யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. எந்தச் சங்கு ஷிப்டுக்கு, எந்தச் சங்கு ஆபத்துக்கு என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

தீயணைப்பு வீரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு தகர ஷெட்டுகளுக்கு வாருங்கள், இந்தி தெரிந்த ஒரு தொழிலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இரவு ஷிப்ட் தொடங்கும் முன் சொல்லுங்கள். தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒவ்வொரு ஆலையின் வாசலிலும் உள்ளே என்ன இருக்கிறது, தீ பிடித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிப் போட வைக்க வேண்டும். என் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மே 1 அன்று கிராமசபை கூடும். நம் ஊராட்சி எல்லையில் உள்ள அபாயகரமான ஆலைகள் சட்டப்படி தரவேண்டிய தகவலைத் தரட்டும், இந்த ஆண்டுக்கான வெளி ஒத்திகையை நம் தெருவில் நடத்தட்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.