நானூறு குதிரைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கும் அடையாறில் தூங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அவர்களை எழுப்பிவிடவென்றே ஒரு கூட்டம் புறப்பட்டு வருகிறது. அமெரிக்கக் கார் அபிமானிகள். சுப்ரபாதம் கேட்டு விழித்த தலைமுறை போய்விட்டது, இப்போது வி-8 எஞ்சின். பச்சைக் குழந்தை, நைட் டூட்டி முடித்து வந்து படுத்த நர்ஸ், பைபாஸ் செய்துகொண்ட தாத்தா என்று எந்தப் பேதமும் பார்க்காமல் எல்லாரையும் ஒரே உறுமலில் எழுப்பிவிடும் சமதர்மம் வேறு யாரிடம் இருக்கிறது?

அவர்கள் பொறுமையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2016-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் ஐந்து லிட்டர் எஞ்சின், சுமார் 400 குதிரைத்திறன். குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2023-இல் வரம்பு போட்டது. போடாவிட்டாலும் ஒன்றும் கெட்டிருக்காது. லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் மெட்ரோவுக்காகத் தோண்டி வைத்திருக்கும் பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் சைக்கிளில் வரும் பால்காரர் முந்திவிடுகிறார். நானூறு குதிரைகளைக் கட்டிப்போட்டுக்கொண்டு பால்காரருக்கு வழிவிடும் அடக்கம் முனிவர்களுக்கே வராது.

வேகத்தடை வந்தால் பார்க்க வேண்டும். வண்டி நின்றுவிடும். டிரைவர் இறங்கி, குனிந்து, அடிப்பக்கம் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து, ஒவ்வொரு சக்கரமாக, குறுக்குவாட்டில் ஏற்ற வேண்டும். "அண்ணே, லெஃப்ட்ல இன்னும் கொஞ்சம்." பின்னால் ஒரு மாநகரப் பேருந்து, அதற்குப் பின்னால் கோயம்பேட்டுக் காய்கறி ஏற்றிவந்த குட்டி யானை, நாலைந்து ஷேர் ஆட்டோ. அத்தனை பேருக்கும் இலவசக் காட்சி. ஒருவர்கூட டிக்கெட் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்துவதில்லை.

கூடியதும் வரிசையாக நிறுத்துவார்கள். எங்கே நிறுத்துவது என்ற குழப்பமே இல்லை, நடைபாதைதான் இருக்கிறதே. நடக்கிறவர்கள் சாலையில் இறங்கிக்கொள்ளலாம், உடம்புக்கும் நல்லது, பஸ் வந்தால் கொஞ்சம் ஓடவும் கிடைக்கும்.

ஃபில்டர் காபி வந்தவுடன் சரித்திரம் தொடங்கும். பான்டியாக் கம்பெனி தன் 1964 மாடல் நடுத்தரக் காரில் பெரிய காரின் 6.4 லிட்டர் எஞ்சினைத் தூக்கி வைத்து ஜி.டி.ஓ. என்று பெயரிட்டது, 1964 ஏப்ரல் 17-இல் மஸ்டாங் பிறந்தது, பிளிமத் ரோட் ரன்னரின் ஹாரன் கார்ட்டூன் பறவையைப் போலக் கத்தும் என்று எல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. ஒன்றை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறார்கள். முதல் மஸ்டாங்கின் விலை 2,368 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் பதினோராயிரம் ரூபாய்ச் சொச்சம். கையில் காசு அதிகமில்லாத இளவட்டங்களை மனதில் வைத்துச் செய்த வண்டி அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தவணை கட்டி வாங்கி, சனிக்கிழமை இரவு தெருவில் சுற்றினார்கள். அப்பேர்ப்பட்ட வண்டியை 65 லட்சத்துக்கு வாங்கி, அதற்கு ஒரு கௌரவத்தை ஏற்படுத்திக் கொடுத்தது நம்மவர்கள்தான். ஏழையின் பொருள் என்ற களங்கம் அதன்மேல் இப்போது துளியும் இல்லை.

கூட்டத்தில் ஒரு டாட்ஜ் கிங்ஸ்வேயும் வரும். அதையும் பெரிய எஞ்சின் பூட்டிய 'மசில் கார்' என்றே அறிமுகப்படுத்துவார்கள். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பூட்டிய வண்டி, ஆறு சிலிண்டர், சாது. அதையே கொஞ்சம் முகம் மாற்றி பிளிமத் என்றும் டிசோட்டோ என்றும் விற்றார்கள். நம் ஊர்களில் இவற்றுக்குப் பிளஷர் கார் என்று பெயர். மாப்பிள்ளை அழைப்புக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் பழனி யாத்திரைக்கும் போயின. பெட்ரோல் கட்டுபடியாகாமல் பல வண்டிகள் டீசல் எஞ்சின் மாட்டிக்கொண்டு வாடகைக்கு ஓடின. அப்படி உழைத்த ஒன்றைத் தேடிப் பிடித்து, டீசல் எஞ்சினைக் கழற்றி எறிந்து, டாக்ஸிப் பெயிண்டைச் சுரண்டி, கம்பெனியிலிருந்து நேற்றுத்தான் வந்தது என்று சொல்லும்படி ஆக்கிவிடுகிறார்கள். சரித்திரத்தின்மேல் எவ்வளவு பற்று இருந்தால், நடந்த சரித்திரத்தையே துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தோன்றும்!

அரசும் இவர்கள் மனமறிந்து நடக்கிறது. ஐம்பது வயது தாண்டிய கார்களுக்கு 2021-இல் தனி விதி வந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம், அன்றாடப் பயணத்துக்கு மட்டும் எடுக்கக்கூடாது. எடுக்காமல் வைத்திருப்பதிலும் ஓர் அழகு உண்டு. தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்து ஔவை மெச்சிய கதை நமக்குத் தெரியும். அவள் இன்று வந்தால் தூது வந்த காரியத்தையே மறந்துவிடுவாள். அவனுடைய வேல்களுக்கு நெய்தான் பூசினார்கள். இங்கே மூன்று கோட்டு மெழுகு, ஏசி போட்ட கொட்டகை, பருத்தி உறை. தொண்டை நாட்டில் ஒரு வழக்கம் இத்தனை காலம் விடாமல் வருகிறதென்றால் சும்மாவா?

பேச்சு ஃபோர்டு பக்கம் திரும்பும்போது எல்லார் குரலும் தழுதழுக்கும். மஸ்டாங்கை இந்தியாவில் விற்பதை நிறுத்திவிட்டார்களே, சர்வீஸுக்கு எங்கே போவது, ஒரு கண்ணாடி வாங்க எத்தனை மாதம் காத்திருப்பது? நியாயமான துக்கம். ஃபோர்டு ஆலை இருக்கும் மறைமலைநகர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. சுமார் 4,000 பேரின் வேலை பாதிக்கப்படும் என்று கம்பெனியே சொன்னது. அடுத்த கோடையில் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. அது எக்கோஸ்போர்ட், நாலு சிலிண்டரைத் தாண்டாத ஜாதி. ஆகவே நம் அபிமானிகள் அதற்காகக் கண்ணீரை வீணடிக்கவில்லை. துக்கத்தில்கூடத் தரம் பார்ப்பவர்கள்.

எல்லாவற்றையும்விட அவர்கள் மெச்சுவது தங்கள் கைவேலையை. "நானே ரெஸ்டோர் பண்ணினேன்" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். அந்தக் கைகளைக் கவனித்தேன். வருடக்கணக்கில் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டியும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு இல்லை. ஓரமாகப் புதுப்பேட்டை மெக்கானிக் ஒருவர் நின்றிருந்தார். அவர் நகங்கள் அவ்வளவு சுத்தமில்லை. கிடைக்காத வால்வு கைடை லேத்தில் கடைந்து போட்டதும், காயலான் கடையில் லாரி பம்ப்பைத் தேடி எடுத்து இதற்குப் பொருத்தியதும் அவர்தான் என்று டிரைவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். வண்டி வழியில் நின்றுவிட்டால் தள்ளாமல் கிளப்புவதற்காக, ஞாயிற்றுக்கிழமையும் கடையைப் பூட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியில் குரூப் போட்டோ. டிரோன்கூடப் பறந்தது. அவரையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று யாரோ ஒரு நல்ல மனசு சொல்ல, எல்லாரும் உடனே சம்மதித்தார்கள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து கிங்ஸ்வேயின் பக்கத்தில் நின்றார். போட்டோகிராபர் காமிராவை இறக்கினார்.

"பாய், கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நில்லுங்க. பானெட்ல உங்க நெழல் விழுது."