ஆறு கோருக்குப் பதில் ஆறு கோர்

கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனை ஓட்டாண்டியாக்குவதற்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது. "இன்னும் ஒரு ரெண்டாயிரம் போட்டீங்கன்னா சார்..." ரிச்சி தெருவில் இதை முழுசாகச் சொல்லி முடித்த கடைக்காரரை நான் பார்த்ததில்லை. மீதியை வாங்க வந்தவனே மனசுக்குள் முடித்துக்கொள்வான்.

என்னுடையது 2019இல் கட்டிய பெட்டி. பி450 போர்டு, ரைசன் 5 2600, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆட உட்கார்ந்தால், புகைக்குண்டு விழும் நேரம் பார்த்துப் படம் திக்கும். எதிராளிக்குத் திக்காது. ப்ராசஸரை மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். மனைவி தணிக்கைத் துறையில் வேலை பார்ப்பவள். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது வேறு, ஒப்புதல் வாங்குவது வேறு.

"இப்ப இருக்கறதுல எத்தனை கோர்?"

"ஆறு."

"வாங்கப்போறதுல?"

"ஆறு."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

நான் பொறுமையாக விளக்கினேன். 2600 வந்தது 2018இல், நான் கேட்கும் ரைசன் 5 5600 வந்தது 2022இல். பழையதில் மூன்று மூன்று கோராக இரண்டு அணி, ஒவ்வோர் அணிக்கும் 8 எம்பி கேஷ். இந்தப் பக்கத்துக் கோருக்கு அந்தப் பக்கத்துத் தகவல் தேவைப்பட்டால் சுற்றிப் போய்த்தான் வாங்கி வரவேண்டும். புதியதில் ஆறும் ஒன்றாக உட்கார்ந்து 32 எம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன.

"அதாவது தனிக்குடித்தனம் போனதுங்களைக் கூட்டுக் குடும்பமாக்கணும். அதுக்குக் காசு கேக்கறீங்க."

இதைவிடத் தெளிவாக எந்த யூடியூபரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஒப்புதல் வரவில்லை. ஆதாரம் கேட்டாள். நல்லவேளை, ஆதாரம் திரட்ட ஒரு பைசா ஆகாது. ஆட்டத்தின் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பார்த்தால் போதும். பிரேம் எண்ணிக்கை ஏறினால் அதுவரை மூச்சுவாங்கியது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, குற்றவாளி ப்ராசஸர். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் எண் அசையவே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்த உற்சாகத்தில் சைபர்பங்க் 2077ஐயும் போட்டுக் காட்டினேன். அதில் எண் சர்ரென்று ஏறித் தொலைத்தது. "முதல் ஆட்டத்துக்கு மட்டும் அனுமதி" என்று குறிப்பு எழுதினாள்.

யூடியூபர்களின் ஒப்பீட்டு வரைபடப் பட்டைகளைக் காட்டி வாதாடியதும் பலிக்கவில்லை. ப்ராசஸர்களுக்குள் வித்தியாசம் தெரியவேண்டும் என்பதற்காக அவர்கள் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற ராட்சசக் கார்டைச் செருகித்தான் சோதிப்பார்கள். அது நியாயமான சோதனைதான். ஆனால் என் 1660 சூப்பரைச் செருகினால் பாதி ஆட்டங்களில் எல்லாப் பட்டையும் ஒரே நீளத்துக்கு வந்து நிற்கும். பார்க்கவேண்டியது சராசரியை அல்ல, "ஒரு சதவீத லோ" என்று கீழே சின்னதாய்ப் போடுகிறார்களே, அதை. படம் திக்குகிற கணங்கள் அதில்தான் ஒளிந்திருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனோம். 5600க்கே எத்தனை இனிஷியல்! எக்ஸ், எக்ஸ்டி, ஜி, ஜிடி. ஜி என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, ஆனால் கேஷ் பாதிதான். தனிக் கார்டு வைத்திருப்பவனுக்கு அது வேண்டாத வேலை. கடைக்காரர் வழக்கப்படி ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் போட்டால் எட்டு கோர் 5700எக்ஸ். அதற்குமேல் கொஞ்சம் போட்டால் 96 எம்பி கேஷ் உள்ள எக்ஸ்3டி. அது பிரமாதமான சாமான்தான், மறுக்கமாட்டேன். ஆனால் இவை இரண்டுக்கும் பெட்டியில் கூலர் கிடையாது, தனியாக வாங்கவேண்டும். இவ்வளவு போடுகிறவர் ஏன் சார் பழைய ஏஎம்4 சாக்கெட்லேயே இருக்கீங்க, ஏஎம்5க்குப் போயிடலாமே? போகலாம். அதற்குப் புது போர்டு. அந்தப் போர்டு டிடிஆர்5 மெமரியை மட்டும்தான் ஏற்கும். மெமரி விலையோ 2025 கடைசியில் தங்கத்தோடு போட்டி போட ஆரம்பித்துவிட்டது. இவ்வளவையும் போட்டபிறகு பழைய பவர் சப்ளையை நம்பமுடியுமா?

"கடைசியில நம்ம வீட்டுதுன்னு என்ன மிஞ்சும்?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பெட்டிமேல் ஒட்டியிருக்கும் பிள்ளையார் ஸ்டிக்கர்.

"5600, பாக்ஸ் பீஸ், பில்லோட" என்றாள் கடைக்காரரிடம். பாக்ஸ் பீஸ், ட்ரே பீஸ் என்று இரண்டு உண்டு என்பதும், ட்ரேயில் வருவதற்குக் கூலரும் கிடையாது, வாரண்டியும் தகராறு என்பதும் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

மாற்றும் வேலை மட்டும் என்னுடையது. பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடவேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டு போனதுதான். யுபிஎஸ் இருந்தும் நம்பிக்கை வராமல், மிக்ஸியைக்கூடப் போடக்கூடாதென்று தடையுத்தரவு போட்டேன். அன்றைக்குச் சட்னி இல்லாமல் பொடியோடு இட்லி. அப்புறம் கூலரைக் கழற்றுவது. பேஸ்ட் காய்ந்திருந்தால் ஏஎம்4இல் கூலரோடு ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் 1331 பின்களோடு. அதனால் முதலில் ஓர் ஆட்டம் ஆடிச் சூடேற்றிவிட்டு, கூலரை மெல்லத் திருகித் திருகி எடுக்கவேண்டும். தொழில்நுட்பக் காரணத்துக்காக நான் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியது அன்றுதான்.

திக்கல் நின்றது. பழைய 2600ஐ விற்கப்போட்டோம். தாம்பரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்து, செல்போன் டார்ச்சில் பின்களை வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுல எவ்ளோ எஃப்பிஎஸ் வரும்?" என்றான்.

"உன் கார்டு என்னப்பா? மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்? ரெசல்யூஷனைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தியா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நிறைய வரும்னு சொல்லிக் காசை வாங்குங்க."