எஞ்சினுக்குப் பேதி கொடுப்பது எப்படி?

எஞ்சினுக்குள் கசடு கட்டிவிட்டதா? கவலை வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு டப்பா எஞ்சின் ஃபிளஷ், பத்து நிமிடப் பொறுமை, வேறொன்றும் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்துப் பிள்ளைகளின் வயிற்றைச் சுத்தம் செய்த பாட்டிமார் வழி வந்தவர்கள் நாம். வண்டிக்கு மட்டும் அந்தச் சுகத்தை ஏன் மறுக்க வேண்டும்? முறைப்படி செய்ய விரும்புவோருக்கு, படிப்படியான விளக்கம் இதோ.

படி 1: கசடைச் சேர்த்தல்

கசடு இல்லாமல் கசடு நீக்க முடியாது. ஆகவே அதை வளர்ப்பதில் தொடங்குவோம். நம் ஊர் பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்லியிருக்கும். 'எது முதலில்' என்பதை 'எது வசதியோ' என்று வாசித்துக்கொள்ளவும். புழுதி, நெரிசல், குறுந்தூர ஓட்டம் என்றால் இன்னும் சீக்கிரம் மாற்றவும் என்று அதே கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும். அது வேறு யாருக்கோ எழுதியது.

வண்டியைக் குறைவாக ஓட்டுங்கள். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட, மாலையில் காய்கறி வாங்க, அவ்வளவு போதும். ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியும் கரியும் எரியாத பெட்ரோலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் நீரும் பெட்ரோலும் ஆவியாகி, பி.சி.வி. வால்வு வழியாக இன்டேக்குக்குத் திரும்பி ஒழிந்துபோகும். சூடேறாவிட்டால் ஆயிலிலேயே குடியிருக்கும். அழுக்கைத் தாங்கிப் பிடிப்பதற்கென்றே ஆயிலில் சேர்த்திருக்கும் சரக்கு ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற கரி டேப்பெட் கவரின் உட்புறத்திலும், கீழே ஆயில் தேங்கும் சம்பின் அடியிலும் இடம் பார்த்துப் படியும்.

இவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் பழைய கார் வாங்கலாம். "டாக்டர் ஓட்டின வண்டி சார், வீடு விட்டா கிளினிக், கிளினிக் விட்டா வீடு" என்று சொல்லி விற்பார்களே, அதுதான் வேண்டும். கசடு ரெடிமேடாகவே கிடைக்கும்.

படி 2: பரிசோதித்தல்

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து உட்புறத்தைப் பாருங்கள். தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தால் உங்களிடம் கசடு இல்லை. அதனால் என்ன, டப்பாவை வாங்குங்கள். கடைக்காரர் தடுக்க மாட்டார்.

மஞ்சளும் வெள்ளையுமாக நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குறுந்தூர ஓட்டத்தாலும் வரும். ஹெட் கேஸ்கட் போய்க் கூலன்ட் உள்ளே இறங்கினாலும் வரும். கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போகிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். பார்க்காதீர்கள், பார்த்தால் செலவு.

கறுப்பாக, கெட்டியாக, துணியால் துடைத்தும் போகாமல் விரலில் ஒட்டினால் வாழ்த்துகள்! டீசல் வண்டிக்காரர்கள் மட்டும் டிப்ஸ்டிக்கில் கறுப்பைக் கண்டு அவசரப்பட வேண்டாம். டீசலில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். கரியைப் படியவிடாமல் தன்னோடு சுமந்து திரிகிறது என்று அர்த்தம்.

படி 3: மருந்தைத் தேர்ந்தெடுத்தல்

ஃபிளஷ் டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது மண்ணெண்ணெய்க்கு உறவுக்காரனான லேசான பெட்ரோலிய வடிப்பும் கொஞ்சம் டிடர்ஜென்டும்தான். குலப்பெருமைக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் மார்வெல் மிஸ்டரி ஆயில் 1923 முதல் விற்பனையில் இருக்கிறது. கார்புரேட்டர் ஜெட் அடைப்பை நீக்கப் பிறந்த சரக்கு அது. அதே வகையைச் சேர்ந்த சீஃபோம் வந்தது 1942இல்.

டப்பாவுக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்குப் பழைய ஷெட் வைத்தியம் இருக்கிறது: டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி, ஓடவிட்டு, வடிப்பது. மண்ணெண்ணெயின் ஆவி ஏறக்குறைய 40 டிகிரியிலேயே தீப்பற்றக் கூடியது. சூடான எஞ்சினில் ஆயில் 90 டிகிரியைத் தொடும். போதாக்குறைக்கு, கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆயில் படலம் மெலிந்து இரும்போடு இரும்பு உரசும். சிக்கனக்காரர்கள் இதற்கெல்லாம் அஞ்ச மாட்டார்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றினால் எஞ்சின் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்லும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அந்த ஆயிலைவிடச் சாதாரண எஞ்சின் ஆயிலில்தான் டிடர்ஜென்ட் அதிகம். இதைச் சொல்லிப் பெரியவர் மனத்தை நோகடிக்க வேண்டாம்.

படி 4: ஊற்றிவிட்டுக் காத்திருத்தல்

பழைய ஆயில் உள்ளே இருக்கும்போதே ஊற்ற வேண்டும். வண்டியை நகர்த்தாமல், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல், பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட வேண்டும். அதற்குள் கீழே நடப்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

சம்பின் அடியில், ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பிவலை இருக்கிறது. மெக்கானிக்குகள் ஸ்ட்ரெய்னர் என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எஞ்சினுக்குப் போகிற ஆயில் ஒவ்வொரு சொட்டும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆயில் ஃபில்டர் பம்புக்கு அடுத்துத்தான் வருகிறது. வலைக்கு அதனால் உதவி எதுவும் இல்லை.

பாட்டி கொடுத்த மருந்தில் வயிற்றில் இருந்தது நேரே வெளியே வந்தது. இங்கே வழியில் வலை. இளசான கசடு கரைந்து ஆயிலோடு கலந்துவிடும். வருடக்கணக்கில் காய்ந்து கருகியது பத்து நிமிடத்தில் கரையாது. ஓரம் இளகி, செதில் செதிலாகப் பெயர்ந்து சம்பில் விழும். சம்பிலிருந்து பம்ப் அதை வலைக்கு இழுக்கும். வலைக்கண்கள் மூடினால் ஆயில் மேலே ஏறாது. உச்சியில் இருக்கும் கேம்ஷாஃப்ட்டும், இருந்தால் டர்போவும் முதலில் வறண்டுபோகும். மேலே டக டகவென்று டேப்பெட் சத்தம் கேட்டால் மருந்து வேலை செய்கிறது என்று வீட்டில் சொல்லலாம்.

வயதான வண்டிகளில் இன்னொரு விசேஷமும் உண்டு. வெடித்துப்போன சீல்களில் ஆயில் ஒழுகாமல் அடைத்துக்கொண்டிருந்ததே கசடாக இருக்கும். அது போனதும் கார் நிற்கிற இடமெல்லாம் கறை விழும்.

படி 5: வடித்தல்

கீழே டிரே வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். கன்னங்கரேலென்று கொட்டும். உடனே படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுங்கள். எந்தப் பழைய ஆயிலும், டப்பா ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும், இப்படித்தான் கொட்டும் என்பதை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். வெளியே வந்தது கரைந்தது மட்டும். கரையாததைப் படமெடுக்க வழியில்லை.

ஃபில்டரைக் கட்டாயம் மாற்றுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. இந்த வழிகாட்டியில் கேலி கலக்காத அறிவுரைகள் இவை இரண்டு மட்டுமே.

படி 6: சிவப்பு விளக்கை அலட்சியம் செய்தல்

டாஷ்போர்டில் அலாவுதீன் விளக்கு வடிவத்தில் சிவப்பாக ஒன்று எரியும். ஆயில் பிரஷர் போய்விட்டது, அந்த இடத்திலேயே எஞ்சினை அணை என்று அதற்குப் பொருள். "வீடு பக்கந்தானே" என்று ஓட்டிவிடுங்கள். எஞ்சின் வீட்டுக்கு முன்பே பிடித்துக்கொள்ளும். அதன்பின் மெக்கானிக் சொல்லப்போவது ஒரே வாக்கியம்: "எஞ்சின் எறக்கணும் சார்."

படி 7: கெட்டிக்கார மெக்கானிக்கைத் தவிர்த்தல்

"டப்பால்லாம் வேணாண்ணே, சம்பை எறக்கிப் பாத்துருவோம்" என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். அவர் டேப்பெட் கவரைக் கழற்றிக் கசடைக் கையாலேயே வழித்தெடுப்பார். சம்பை இறக்கி, வலையைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கண்ணும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். பி.சி.வி. வால்வைக் காதருகே குலுக்குவார். உள்ளே கடகடவென்று ஆடாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது கேட்பார். நல்ல ஆயிலை ஊற்றி, கொஞ்ச நாளைக்கு 2,000, 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்வார். மிச்சக் கசடை அந்த ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் அவசரமில்லாமல் இளக்கி எடுத்துவிடும். ஒரு நாள் வேலை, கை முழுக்கக் கறுப்பு, குரூப்பில் போட ஒரு படம்கூடத் தேறாது.

சில சந்தேகங்கள்

கேள்வி: சர்வீஸ் பில்லில் கேட்காமலே 'எஞ்சின் ஃபிளஷ்' சேர்த்திருக்கிறார்களே?

பதில்: கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அந்த வரி பில்லிலிருந்து தானாகவே கரைந்துவிடும். ஃபிளஷ் இவ்வளவு வேகமாக வேறெதையும் கரைத்ததில்லை.

கேள்வி: என்னுடையது பேர்போன கம்பெனி வண்டி. அதிலும் கசடு கட்டுமா?

பதில்: டொயோட்டாவைவிடவா? 1997 முதல் 2002 வரை வந்த சில டொயோட்டா, லெக்ஸஸ் மாடல்களில் கசடுப் புகார் கிளம்பி, ஏறக்குறைய 33 லட்சம் வண்டிகள் அந்த வளையத்துக்குள் வந்தன. கடைசியில் கம்பெனி, வண்டி விற்ற நாளிலிருந்து 8 ஆண்டுகள் வரை பழுதுச் செலவை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. ஆளுக்கொரு டப்பாவில் முடிந்திருக்கும் சமாச்சாரம். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கேள்வி: கடைசியாக, இந்த டப்பாவை யார்தான் ஊற்றலாம்?

பதில்: காலாகாலத்தில் ஆயில் மாற்றியவர் பயமில்லாமல் ஊற்றலாம், அவருக்குத் தேவையில்லை. மாற்றாமல் விட்டவருக்குத் தேவை இருக்கிறது. அவர் ஊற்றக் கூடாது. இந்த இரண்டு சாராரையும் தவிர மற்ற எல்லோரும் தாராளமாக ஊற்றலாம்.