முளை கட்டத் தெரியாதவனா நீ?

தம்பி, அந்தப் போனை இப்படிச் செத்த திருப்பு. என்னாது அது, அண்டாவா? எவர்சில்வர்ல எழுபது லிட்டர் புடிக்குமா? சிங்கப்பூர்ல எட்டாவது மாடியில ஒண்டிக்கட்டையா இருக்கறவனுக்கு இது என்னத்துக்கு? அடியில குழாய், நெத்தியில சூடு காட்டற பொட்டி. கொதி வந்தா போனுக்குச் சேதி அனுப்புமாம். அடுப்பு முன்னாடி நிக்கறவனுக்குச் சேதி என்னடா சேதி?

பீர் காய்ச்சப் போறியாக்கும். காய்ச்சு, யாரு வேணாங்கறா? ஆனா அங்க போயிக் காய்ச்சு. இங்க கொல்லையில பானையை வச்சுடாத. மதுவிலக்குச் சட்டம் 1937-ல வந்தது. ராஜாஜி சேலத்துல ஆரம்பிச்சாரு. நடுவுல 1971-ல கடையைத் திறந்தாங்க, அப்புறம் மூடினாங்க, மறுபடி திறந்தாங்க. இப்ப டாஸ்மாக்கு நம்ம ஊரு முக்குலயே நிக்குது. ஆனா சட்டம் அதே 1937 சட்டந்தான். சர்க்கார் விக்கலாம், நீ ஒரு சொம்பு காய்ச்சக் கூடாது. சிங்கப்பூர்ல வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும் சொந்தக் குடிக்கு விடறான். விக்கக் கூடாது. வாலை வச்சு வடிக்கற நெனப்பே வரக் கூடாது. எதுக்கும் போனதும் அவன் சட்டத்தை ஒரு தரம் படிச்சுக்க.

இதென்னமோ வெள்ளைக்காரன் வித்தைன்னு வாயைப் பொளக்கறியே, பெரும்பாணாற்றுப்படைன்னு பேராவது கேட்டிருக்கியா? நம்ம காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில பாடின கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் அதையும் பாடினாரு. காஞ்சிக்குப் போற பாணனுக்கு வழி சொல்லிக்கிட்டே வந்தவரு, வலைஞர் குடியில செத்த நின்னு, கள்ளு விளையற பக்குவத்தையும் சொல்லிட்டுப் போயிட்டாரு. அரிசியைக் களியாத் துழாவணும். வாயகன்ற தட்டுல கொட்டி ஆத்தணும். முளைநெல்லை இடிச்சு அதுல கலக்கணும். ரெண்டு பகலும் ரெண்டு ராவும் போகணும். கெட்டி வாய்ச் சாடியில விளையணும். கடைசியில விரலால அலைச்சுப் பிழியணும். அவருக்கு ப்ளூடூத்து வேண்டியிருந்துச்சா?

ஏன் ஆத்தச் சொன்னாருன்னு யோசிச்சியா? முளைக்குள்ள ஒரு சத்து இருக்கு. மாவை இனிப்பாக்கறது அதுதான். கொதிக்கற களியில போட்டா அது செத்துப்போயிடும். அரிசியோ வேகாட்டி மசியாது. அதனால முதல்ல வேக்காடு, அப்புறம் ஆத்தல், அப்புறம் முளை. உன் பார்லிக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் கம்மி. 65, 67 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறினா தானா இனிச்சுடும்.

மால்ட்டு மால்ட்டுங்கறியே, முளை கட்டி உலர்த்தின பார்லிடா அது. உங்க அப்பாயி வருசா வருசம் என்ன பண்ணினா? விதைநெல்லைச் சாக்குல கட்டி ஒரு நாள் ஊறப்போட்டு, வடிய வச்சு, வைக்கோலைப் போட்டு மூடிக் கல்லை ஏத்தி வைப்பா. மறுநா கையை விட்டா உள்ள சூடா இருக்கும், வெள்ளை முளை எட்டிப் பாக்கும். நாம அதை நாத்தங்கால்ல தெளிச்சோம். அவன் அங்கேயே நிறுத்திக் காய வச்சு வறுத்து, டப்பாவுல அடைச்சு உனக்கே விக்கறான்.

சரி, வாங்கறதைச் சொல்றேன். உணவுக்குன்னு செஞ்ச பிளாஸ்டிக் வாளி, மூடி போட்டது, 25 லிட்டருக்கு ஒண்ணு. மூடியில சொருக ஒரு காத்துக்குழாய், பூட்டு மாதிரி. உள்ள வாயு வெளிய போவும், வெளிக்காத்து உள்ள வராது. வாளியைக் கம்பி நாரால தேய்க்காத. கீறல் விழுந்தா கிருமி அதுல குடியேறி உக்காந்துக்கும், எந்த மருந்தும் துரத்தாது. மெத்துத் துணி, அப்புறம் கிருமிநாசினித் தண்ணி. காசைக் கொட்டறதா இருந்தா சுத்தத்துல கொட்டு.

முதல் தடவைக்குத் தானியம் வேணாம், மால்ட்டுப் பாகு வாங்கு. ஹாப்ஸுன்னு ஒரு கொடிப்பூ, கசப்புக்கு. ஒரு மணி நேரம் கொதிச்சா கசப்பு இறங்கும், கடைசியில போட்டது வாசனைக்கு. மாம்பழம் போடறேன், காபிக்கொட்டை போடறேன்னு முதல் வாளியிலேயே ஆரம்பிக்காத. வெறும் சோறு வடிக்கத் தெரியாதவன் பிரியாணிக்கு எங்கடா போறது?

அடர்த்தி பாக்கற கண்ணாடிக் குச்சி ஒண்ணு கட்டாயம் வாங்கு. ஹைட்ரோமீட்டர்னு பேரைக் கேட்டு மிரளாத. நாங்க உப்புத் தண்ணியில முட்டையை மிதக்க விட்டு, அது நாலணா அகலத்துக்கு மேல தெரிஞ்சதும் விதையைக் கொட்டிப் பதரைக் கழிப்போமே, அதே சங்கதிதான். ஆரம்பத்துல 1.048 காட்டும், முடிவுல 1.010 பக்கம் இறங்கும். அப்படின்னா ஏறக்குறைய 5 சதம் ஆல்கஹால். ரெண்டு மூணு நாளைக்கு எண்ணு அசையலைன்னா விளைஞ்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் திறந்து திறந்து மோந்து பாக்காத.

கெட்டுப்போறது பாதி சூட்டாலதான். பாகைப் புளிக்க வச்சுப் பீராக்கறது ஈஸ்டு; சாதா ஏல் வகை ஈஸ்டுக்கு 18-லேர்ந்து 22 டிகிரி போதும். உன் அறையில 30. பொங்கறப்ப வாளியே தனியா சூடேறும். பெரிய தொட்டித் தண்ணியில வாளியை இறக்கி, ஈரத்துணி சுத்தி, விசிறியைத் திருப்பி வை. அதுக்கும் சோம்பேறின்னா, நார்வேக் குடியானவங்க வீட்டு ஈஸ்டு, க்வைக்னு ஒண்ணு விக்குது. அது 35-லயும் குஷியா வேலை செய்யும். குளிர்நாட்டுக்காரன் சூடு தாங்கற சரக்கை வளத்து வச்சிருக்கான், வேடிக்கைதான் போ.

அரிசி கலந்து பாக்கலாமான்னு கேப்ப. தாராளமா. அமெரிக்காவுல பட்வைசர்காரன் போடறான், நீ தஞ்சாவூர்க்காரன், போடாம இருப்பியா? ஆனா ரெண்டாவது வாளியில போடு, வேக வச்சுப் போடு.

பாட்டில்ல அடைக்கறப்ப லிட்டருக்கு ஆறேழு கிராம் சக்கரை, தராசுல நிறுத்துப் போடு. நுரை வரட்டும்னு கைப்பிடியா அள்ளிப் போட்டா பாட்டிலு வெடிக்கும். அழுத்தம் தாங்கற கெட்டிப் பாட்டிலாப் பாத்து, மூடி போட்ட பெட்டிக்குள்ள ரெண்டு வாரம் வை. ராத்திரி ஒண்ணு ரெண்டு டமார்னு போச்சுன்னா, ஏழாவது மாடிக்காரி போலீசுக்குப் போன் பண்ணிடுவா. அப்ப என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாத.