டம்ளரில் மின்னேறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வானூர் வட்டார மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அறிவியல் கண்காட்சியில் 'நிலைமின் தூண்டல்' உங்கள் தலையில் விழுந்தால் அலட்சியமாக இருக்காதீர்கள். தொடாமலே ஓர் எவர்சில்வர் டம்ளருக்கு மின்னூட்டம் தருகிற சோதனை அது. லண்டன் பள்ளி ஆசிரியர் ஜான் கேன்டன் 1753-லேயே கண்டு சொன்னது. கொஞ்சம் ஏமாந்தாலும் நடந்துவிடும். சிறப்பு விருந்தினர் முன்னால் உறுதியாகத் தோற்க விரும்புவோர் கீழ்க்கண்டபடி நடக்கவும்.

1. நாள் பார்த்தல்: ஐப்பசி, கார்த்திகை உத்தமம். நம் வட்டத்தின் கிழக்கு ஓரமே கடல். கோட்டக்குப்பம் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று, பொருட்களின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர்ப்படலம் பூசும். தேய்த்துச் சேர்த்ததெல்லாம் அதன் வழியே கசிந்துவிடும். ஆனி மாதம் மேல்காற்று வறட்டி அடிக்கும் முற்பகலை மறந்தும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

2. தேய்த்தல்: போர்வெல் வேலையில் மிஞ்சிய பி.வி.சி. பைப் ஒரு முழம் எடுத்து, தேங்காய் எண்ணெய் வழியும் தலையில் தேய்க்கவும். காய்ந்த கம்பளியில் தேய்த்தால் எலக்ட்ரான்கள் பைப்புக்குத் தாவி, அது எதிர் மின்னூட்டம் பெற்றுத் தொலையும். நல்லவேளை, வானூர் வெயிலில் கம்பளி வைத்திருப்பவர்கள் குறைவு.

3. டம்ளரை வைத்தல்: வெறும் தரையே போதும். தெர்மாகோல் துண்டின் மேல் வைத்தீர்களோ, அது மின்கடத்தாப் பொருள். வந்த மின்னூட்டத்தை இறங்க விடாது.

4. பைப்பை நெருக்குதல்: டம்ளரில் நன்றாக உரசி விடுங்கள். பைப்பில் உள்ளதே கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், தூண்டல் கெட்டது. ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தால் டம்ளரின் எலக்ட்ரான்கள் விரட்டப்பட்டு மறுபக்கம் ஓடும், பைப் பக்கம் நேர் மின்னூட்டம் மிஞ்சும். அது ஆபத்தின் ஆரம்பம்.

5. விரல் வைத்தல்: பைப் அருகிலேயே இருக்க, மறு கை விரலால் டம்ளரைத் தொட்டால், ஓடிய எலக்ட்ரான்கள் உங்கள் உடம்பு வழியே பூமிக்கு இறங்கும், நீங்களே எர்த். இப்போது முதலில் எதை எடுப்பது? பைப்பைத்தான். விரட்டியவன் போனதும் எலக்ட்ரான்கள் விரல் வழியே திரும்பி ஏறும். டம்ளர் பழைய டம்ளராகும். விரலை முதலில் எடுத்தால் திரும்பும் வழி அடைபடும். அப்புறம் பைப்பை எடுத்தாலும் நேர் மின்னூட்டம் டம்ளரிலேயே மாட்டிக்கொள்ளும். கவனக்குறைவாக இப்படிச் செய்து வென்றவர்கள் உண்டு.

6. விளக்கம் சொல்லுதல்: இவ்வளவு காத்தும், மின்னூட்டத்தைக் காட்டும் மின்காட்டியின் அருகே டம்ளரைக் கொண்டுபோனதும் அதன் இலைகள் விரிந்துவிட்டனவா? பதற வேண்டாம். "பைப்பில் இருந்த கரண்ட் டம்ளருக்குப் போயிடுச்சு சார்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். உண்மையில் பைப் எதையும் இழப்பதில்லை. ஒருமுறை தேய்த்துவிட்டு டம்ளர் மாற்றி டம்ளராக ஏற்றலாம். ஒன்றையொன்று ஈர்க்கும் பைப்பையும் டம்ளரையும் பிரிக்க உங்கள் கை படும் பாடுதான் அங்கே ஆற்றலாகிறது. இதே தத்துவத்தில் அமைந்த கருவியை 1775-ல் அறிவித்த வோல்டா, அதற்கு 'நிரந்தர' என்றே அடைமொழி கொடுத்தார்.

நடுவர் விவரம் தெரிந்தவர் என்றால் உங்கள் மதிப்பெண் அதோடு போயிற்று. தெரியாதவர் என்றால் முதல் பரிசுதான். அதற்கு எங்களிடம் பரிகாரம் இல்லை.