கட்டிலுக்கு அடியில் ஒரு பணியிடம்

அரசு மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை என்று எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் முதலில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் வார்டுக்குப் போய்க் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கட்டிலுக்குக் கட்டில், அடியில் பாய் விரித்து ஒரு ஊழியர் படுத்திருப்பார். இருபத்து நான்கு மணி நேர டியூட்டி. வார விடுப்பு இல்லை, பஞ்சப்படி இல்லை, சங்கம் வைத்துக் கொடி பிடிக்கிற தொல்லையும் இல்லை. பதவியின் பெயர் அட்டெண்டர். தகுதி, மேலே படுத்திருக்கிற பிள்ளைக்கு அம்மாவாக இருப்பது.

டிரிப்ஸ் தீர்ந்தால் சிஸ்டரைத் தேடி ஓடுவது அவள். ரத்தம் எடுத்த குழாயை லேபுக்குக் கொண்டுபோவது அவள், ரிப்போர்ட்டுக்கு வரிசையில் நிற்பதும் அவள். வாந்தியை அள்ளுவாள், மூத்திரத்தை அளந்து எழுதி வைப்பாள், ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரையும் தள்ளுவாள். தள்ள ஆள் வேண்டுமென்றால் அதற்கு ஒரு ரேட் உண்டு, எந்த போர்டிலும் எழுதாத ரேட். அப்பா வெளியே பிளேட்லெட் கொடுக்க ஆள் பிடித்துக்கொண்டிருப்பார். அது ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, எனவே அடிக்கடி பிடிக்க வேண்டும். ராத்திரியில் ஆண்களுக்கு வார்டில் அனுமதி இல்லை. பெண்கள் படுத்திருக்கிற இடம், நியாயம்தான். வாசலில் மறிக்க ஏஜென்சி மூலம் செக்யூரிட்டி போட்டிருக்கிறார்கள். அப்பனை உள்ளே விடாமலிருக்கச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறது. பிள்ளை நெற்றியில் ஈரத்துணி போடத்தான் கிடைக்கவில்லை.

மேலே படுத்திருக்கிற பிள்ளைக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய்தான் அதிகம். ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிற நோய். ஒழுங்காக என்றால் இரண்டு முதல் இரண்டரை வருடம். தொடக்க மாதங்களில் கீமோ, முதுகுத்தண்டில் ஊசி. ஸ்டீராய்டு ஓடுகிற வாரங்களில் பிள்ளை நடுராத்திரி எழுந்து இட்லி கேட்டு அழும், கேன்டீன் பூட்டியிருக்கும். பிறகு வீட்டுக்கு அனுப்புவார்கள், மாத்திரைகளோடு. ஒன்று தினமும், மற்றொன்று வாரத்துக்கு ஒருமுறை. வார மாத்திரையைத் தவறிப்போய்த் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. நர்ஸ்களுக்கு மூன்று வருடம், நான்கு வருடம் படிப்பு வைத்திருக்கிறோம், இவளுக்கு ஓ.பி. வாசலில் ஐந்து நிமிடம். வெள்ளையணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, எந்த ஊராக இருந்தாலும் அந்த ராத்திரியே கிளம்ப வேண்டும் என்பதும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடக்கம்.

சட்டத்துக்கு இரக்கமில்லை என்று சொல்லிவிடக் கூடாது. மத்திய அரசு வேலையில் இருக்கிற பெண்ணுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். சரியாக இரண்டு வருடம். நோயிடம் கேட்டுத்தான் கணக்குப் போட்டார்களோ என்னவோ. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவளுக்கு? பிள்ளை பெற 26 வாரம் என்று சட்டம் சொல்கிறது. பெற்ற பிள்ளை செத்துப் பிழைக்கிறபோது அதற்கென்று அரை நாளும் கிடையாது. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை உண்டு, வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். ஆனால் நோய் தொழிலாளியின் உடம்பில் இருக்க வேண்டும். பிள்ளைக்கு வந்தால் பிள்ளைக்கு மருந்து, அவளுக்கு ஆப்சென்ட். விவரமான நோயாக இருந்தால் அம்மாவுக்கே வந்திருக்கும்.

ஸ்வீடனில் கடும் நோயில் கிடக்கிற பிள்ளையோடு இருக்கும் பெற்றோருக்கு நாள் வரம்பே இல்லாமல் படி கொடுக்கிறார்களாம். தாய்மையின் அருமை தெரியாத ஜனங்கள். நாம் தாயைத் தெய்வம் என்கிறோம். தெய்வத்துக்கு எதற்குச் சம்பளம்?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய்வரை. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அது இல்லாவிட்டால் பாதி வார்டு காலி, பிள்ளைகள் பிழைத்துப் போனதால் அல்ல. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. எழுதித் தர வேண்டும். அம்மா வேலையை விட்டுவிட்டால் அந்தச் சான்று சுலபமாகக் கிடைக்கும். ஊருக்குப் போய்வருகிற பஸ் காசு, ஆஸ்பத்திரி பக்கத்தில் எடுத்த அறையின் வாடகை, அடகுக்கடைக்குப் போன தாலிக்கொடி இதெல்லாம் அட்டையில் வராது. அதனால் அதன் பெயர் இலவச சிகிச்சை.

விசாரிக்க வருகிற உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு விசாரணைக் கமிஷனையும் எடுத்து வருவார்கள். "மாசமா இருந்தப்ப கிரகணத்துல வெளிய போனியாடி?" அடுத்தவர் போனை நீட்டி, முள்சீத்தாப் பழம் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற வீடியோ காட்டுவார். இவர்களையாவது மன்னிக்கலாம். ராத்திரியில் பெற்ற அப்பனையே தள்ளி நிறுத்துகிற வார்டுக்குள், கரடி பொம்மையோடு பிறந்தநாள் கொண்டாட ஒரு பட்டாளமே செருப்புக் காலோடு நுழையும். போட்டோ எடுத்து முடித்ததும் ஒருவர் அவள் தோளைத் தட்டி, "ஸ்ட்ராங்கா இருக்கணும்மா" என்பார். அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று கேக்கை நீட்ட அங்கே யாருக்கும் தோன்றாது.

சில மாதத்தில் முடி முளைக்கும், பிள்ளை ஓட ஆரம்பிக்கும். "நல்லாத்தானே இருக்கான்" என்பார் மாமியார். தண்டல்காரர் வாசலில் நிற்பார். வேலை இல்லாமல் இன்னும் ஒன்றரை வருடம் ஓட்ட வேண்டும் என்பதை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஒரு செக்கப் தவறும், பிறகு அடுத்தது. நோய் திரும்பி வரும்போது கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள்: பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை. ஏ.சி. ஹாலில் நடக்கிற கருத்தரங்கில் அது ஒரு ஸ்லைடாக வரும். காரணம், தாய்மார்களின் அறியாமை. தீர்வு, அவர்களுக்கு ஒருநாள் விழிப்புணர்வு முகாம். வேலை நாளில், காலை பத்து மணிக்கு.